பெயர் எழுதப்படாத எமது இறந்தோர்

போரில் இறந்த எம்மவர்களுக்காக ஆண்டுதோறும் பூசை ஒப்புக்கொடுக்கின்றோம், விளக்கேற்றுகின்றோம். ஆயினும் அவர்கள் அனைவருடைய பெயர்களையும் கொண்ட பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. இது மனவேதனை மட்டுமன்று, வயிற்றுப் பிரச்சினையும் ஆகும். காணி அனுமதிப்பத்திரம் கணவனின் பெயரில் இருந்தால், அதை மனைவியின் பெயருக்கு மாற்ற மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்கப்படுகின்றது. பதிவில் இல்லாத மரணம் உயிரோடு இருப்பவர்களின் வயலையும் முடக்கிவிடுகின்றது.

கணக்கில் உள்ள இடைவெளி

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எளிய கழித்தற் கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 அளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோராக ஐ.நா. காட்டிய தொகை 2,82,380. மீதி 1,46,679 பேர். இத்தனை பேரும் இறந்தார்கள் என்று ஆண்டகை கூறவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்றே கேட்டார். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு, 70,000க்கு மேற்பட்டோரின் கணக்குத் தெரியவில்லை என்றது.

தொகைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இறந்தவரைப் பதுங்குகுழியிலேயே மண் போட்டு மூடிவிட்டு ஓட வேண்டியிருந்தது. மரணத்தைப் பதியும் ஒழுங்குகள் குலைந்திருந்தன. 2011இல் அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் வட மாகாணத்தில் மரணங்களைக் கணக்கெடுத்தது. ஆனால் வீட்டுக்கு வீடு கேட்கும்போது உயிரோடு இருப்பவர்தான் பதில் சொல்ல முடியும். முழுக் குடும்பமும் அழிந்த வீட்டில் பதில் சொல்ல யார் உண்டு?

பட்டியல் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீற்றர் ரயில் பாதை அமைத்தது. அங்கே வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். கைதிகள் இறந்தோரின் பெயரையும் புதைத்த இடத்தையும் இரகசியமாகக் குறித்து மறைத்து வைத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டே கல்லறைகள் தேடப்பட்டன. இன்று காஞ்சனபுரி சேமக்காலையில் ஏறத்தாழ 7,000 பேர் பெயர் பொறித்த கற்களோடு ஒழுங்காக உறங்குகின்றனர்.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களின் தொகை கைதிகளின் தொகையைவிடப் பல மடங்கு. அவர்களுக்குப் பட்டியல் இல்லை; ஆகவே பெயர்க் கல்லும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, உயிர் தப்பிய முதியவர்களின் வாய்மொழியைச் சேகரித்துத்தான் அவர்களின் வரலாறு மெல்ல மெல்ல எழுதப்பட்டது. சாட்சிகள் மறைந்தபின் தேடுவது எத்தனை கடினம் என்பதற்கு இது போதிய பாடம்.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு கிராமத்திற்கும் ஒரு கொப்பி போதும். இடம்பெயர முன்னர் கிராமம் இருந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள். ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக நினைவுபடுத்தி எழுதினால், ஆள் இல்லாத வீடும் தவறாது. பாடசாலை வரவு இடாப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, கமநல சேவை நிலையத்தின் வயற்காணிப் பட்டியல், பழைய நிவாரண அட்டை என்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சம்பவம் நடந்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். திகதி தெரியாவிட்டால், எந்த இடப்பெயர்வுக்கு முன் அல்லது பின் என்று குறித்தாலும் பயன் உண்டு.

மிக முக்கியமானது, செய்தி எவ்வாறு தெரியவந்தது என்பதாகும். “உடலைக் கண்டவர்”, “கடைசியாக உயிருடன் கண்டவர்”, “பிறர் சொல்லக் கேட்டவர்” என மூன்றையும் வேறு வேறாக எழுதவேண்டும். கேட்டதைக் கண்டதாக எழுதினால் முழுக் கொப்பியின் மதிப்பும் கெட்டுவிடும். ஒருவரை இருமுறை எண்ணாதிருக்கவும் கவனம் வேண்டும்.

காணாமற்போன மகனை இறந்தவனாக எழுதும்படி எந்தத் தாயையும் வற்புறுத்தக்கூடாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழுக்கு இடமளித்தது. எது தம் குடும்பத்திற்குப் பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்திலோ நம்பிக்கையான சட்டத்தரணியிடமோ கேட்டறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

சம்மதம் தராதவரின் விபரத்தை எழுதவேண்டாம். எழுதியதை மூன்று பிரதிகளாக்கி மூன்று இடங்களில் வையுங்கள். போரில் ஒரே பெட்டியில் வைத்த உறுதியும் அடையாள அட்டையும் ஒன்றாக எரிந்ததை நாம் மறக்கவில்லை.

யாரால் இறந்தார், எந்தச் சமயத்தவர், ஆயுதம் தூக்கியவரா இல்லையா என்று பார்த்து ஒரு பெயரையும் விலக்கவேண்டாம். கட்டாயத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையும் ஒரு தாயின் பிள்ளையே. நினிவேயில் அரசனின் கோபத்திற்கும் அஞ்சாமல் தன் இனத்தாரின் உடல்களை அடக்கம் செய்தவர் தோபித்து. உடல்களை அடக்கம் செய்ய எமக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெயர்களையாவது மண்ணோடு மண்ணாக விடாதிருப்போம். வரும் நவம்பர் 2, மரித்தோர் நினைவு நாளுக்கு முன், உங்கள் ஒழுங்கையின் முதற் பக்கத்தையாவது எழுதி முடியுங்கள்.