வளைந்து கொடுத்தால்தான் வண்டி ஓடும்



அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள், செம்பனைக் காட்டுச் சாலை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோரிச் சக்கரங்கள் போன தடம் ஆழப் பள்ளம், நடுவில் மேடு, ஓரத்தில் கால்வாய். அந்த வழியாக ஒரு பிக்கப் வருகிறது. பின் சக்கரங்களில் ஒன்று மேட்டில் ஏறுகிறது. மற்றொன்று பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கி, 'விர்'ரென்று சுழல்கிறது. வண்டி ஓரங்குலமும் நகரவில்லை. ஓட்டுநர் இன்னும் பலமாக எண்ணெயை மிதிக்கிறார். திடீரென்று சக்கரம் தரையைப் பிடிக்க, வண்டி குதித்துக் கால்வாய்ப் பக்கம் சாய்கிறது.

"இன்ஜினுக்குப் பலம் போதவில்லை" என்பார் ஒருவர். "டயர் தேய்ந்துவிட்டது" என்பார் இன்னொருவர். இரண்டும் காரணமாக இருக்கலாம். ஆனால் பலரும் குனிந்து பார்க்காத இடம் ஒன்று உண்டு. பின்னச்சின் மேல் வண்டியைத் தாங்கி நிற்கும் பட்டை ஸ்பிரிங்தான் அது. மலாய் நண்பர்கள் 'ஸ்பிரிங் டாவுன்' என்று சொல்வது இதைத்தான். 'டாவுன்' என்றால் இலை. இலைமேல் இலை அடுக்கியது போல இரும்புப் பட்டைகளை அடுக்கியிருப்பதால் அந்தப் பெயர்.

அந்த ஸ்பிரிங் நன்றாக வளைந்து கொடுத்தால் இரு சக்கரங்களும் தரையை விடாமல் பிடிக்கும். அதை எப்படி வளையச் செய்வது? பணம் செலவழித்துப் புதிது வாங்குவதற்கு முன் நாம் பார்க்க வேண்டியவை என்ன? சொந்த பிக்கப் வைத்திருக்கும் குடும்பங்களும், பட்டறையில் தொழில் பழகும் நம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பழைய வில், புதிய வண்டி

பட்டை ஸ்பிரிங் நேற்று வந்ததல்ல. குதிரை வண்டிக் காலத்திலேயே இருந்தது. 1804ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர், வண்டியை நீள்வட்ட ஸ்பிரிங்குகளின்மேல் ஏற்றி வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவர் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்கிலேயே ஓடியது. இன்று நம் சாலைகளில் ஓடும் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளிலும் பின்பக்கம் அதே வில்தான். காரணம் எளிது. சுமை தாங்கும், அச்சை அதனிடத்தில் பிடித்து வைக்கும், சாதாரணப் பட்டறையிலேயே கழற்றி மாட்டலாம்.

ஓர் அடிக்கோல் பாடம்

உங்கள் பிள்ளையின் பள்ளிப் பையிலிருந்து அடிக்கோல் ஒன்றை எடுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டு, அதே போன்ற இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஓரங்கள் படிக்கட்டு போல விலகி நிற்கும். வளையும்போது ஒவ்வொரு கோலும் அடுத்ததன்மேல் வழுக்குகிறது என்பதே அதற்குப் பொருள். இப்போது இரு முனைகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு மீண்டும் வளையுங்கள். கை வலிக்கும்; கோல் அவ்வளவாக வளையாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வழுக்கிச் செல்லும் இரண்டு பட்டைகள் சேர்ந்தால் விறைப்பு 2. அதே இரண்டும் ஒட்டிப்போய் ஒரே கனமான பட்டை போல ஆனால் விறைப்பு 8. கனம் இரு மடங்கானால் விறைப்பு 2 x 2 x 2 ஆகிறது என்பது விதி. இரும்பு அதே இரும்புதான், எடையும் அதேதான். ஒட்டியதால் மட்டும் நான்கு மடங்கு வேறுபாடு!

பட்டைகளுக்கிடையே ஏறும் துருவும் சேறும் முழுப் பசையாகிவிடுவதில்லை. ஆனாலும் வேலை அந்தத் திசையில்தான் போகிறது. பல பழைய பிக்கப்புகள் கட்டை வண்டி போலத் தூக்கிப் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தோட்டத்து வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உர மூட்டைகளை ஏற்றும் வண்டியில் சிந்திய உரம் ஈரத்தோடு கலந்து ஸ்பிரிங்மேல் வழியும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உப்பு இருக்கிறது. அது இரும்பை விரைவாக அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது, செலவில்லாத முதல் வைத்தியம்.

சக்கரம் ஏன் சும்மா சுழல்கிறது?

பின்னச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட இடம் கொடுப்பது அதன் வேலை. அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தடையின்றிச் சுழன்றால், தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் இழுக்கும் வலு கிடைக்காமல் போய்விடும். எனவே இன்ஜின் எத்தனை குதிரைச் சக்தியானாலும், சக்கரம் தொங்கினால் பயனில்லை. ஸ்பிரிங் வளைந்து, மேட்டுச் சக்கரம் மேலேறவும் பள்ளத்துச் சக்கரம் கீழிறங்கவும் விட்டால், இரண்டும் தரையில் ஊன்றும். மெதுவாக ஓட்டியே கடந்துவிடலாம். அந்தரத்திலிருந்து குதித்து விழும் ஆபத்தும் குறையும்.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள தகட்டு விளிம்பு வரை நாடாவால் இருபுறமும் அளந்து எழுதுங்கள். பிறகு உறுதியான மண்மேட்டில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். அதே இரண்டு இடங்களையும் மீண்டும் அளங்கள். மேட்டுப் பக்க அளவு எவ்வளவு குறைந்தது, மறுபக்க அளவு எவ்வளவு கூடியது என்பதே உங்கள் ஸ்பிரிங்கின் மதிப்பெண். வேலை முடிந்தபின் அதே மேட்டில் அதே போல அளந்தால், பட்டறைக்குக் கொடுத்த காசுக்குப் பலன் உண்டா என்று தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்வது. அடுக்கை ஒன்றாகப் பிடித்திருக்கும் நடுபோல்ட்டைக் கழற்றும்போது பட்டைகள் தெறித்து விரியும். கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே அதைத் தொட வேண்டும். பட்டைகளுக்கு வரிசை எண் போட்டு, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுங்கள். நடுத்துளையைச் சுற்றி வெடிப்பு உண்டா என்று நன்றாகப் பாருங்கள். பட்டை பெரும்பாலும் உடைவது அங்கேதான். முனை கூராக, சதுரமாக வெட்டியிருந்தால் அது மேற்பட்டையைக் கீறிக்கொண்டே இருக்கும். அரத்தால் சரிவாகத் தேய்த்துவிடலாம்.

மீண்டும் அடுக்கும்போது சாதாரண கிரீஸை அப்பி வைப்பார்கள். முதல் வாரம் சுகமாகத்தான் இருக்கும். பிறகு அதில் மணல் ஒட்டி, உரசும் பசையாக மாறிவிடும். உலர்ந்த நிலையில் வழுக்கும் கிராபைட் பூச்சு மேல். சில ஸ்பிரிங்குகளில் பட்டை முனைகளில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் வில்லைகள் இருக்கும். அவை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ரப்பர் உள்ள இடத்தில் எண்ணெய் விட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

இரண்டாவது, பட்டைகளை அணைத்துப் பிடிக்கும் வளையங்கள். இவை நசுங்கி இறுகியிருந்தால், நாம் அடிக்கோலின் முனையில் கயிறு கட்டிய கதைதான். வழுக்க இடம் விட்டுச் சரிசெய்ய வேண்டும். "கழற்றி எறிந்தால் இன்னும் நன்றாக வளையுமே" என்று சிலர் சொல்வார்கள். சக்கரம் கீழே தொங்கும்போது மற்றப் பட்டைகள் உதவிக்கு வராமல், மேலே உள்ள தாய்ப்பட்டை ஒன்றே எல்லாப் பாரத்தையும் ஏற்கும். அது முறிந்தால் அச்சே இடம் பெயரும்.

மூன்றாவது, ஷாக்கிள். வில் தட்டையாகும்போது நீளும், தொங்கும்போது சுருங்கும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்க, ஒரு முனை ஊஞ்சல் போன்ற ஷாக்கிளில் தொங்குகிறது. ஊஞ்சல் துருப்பிடித்து நின்றுவிட்டால் வில்லும் நின்றுவிடும். புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் புஷ் போட்டால், வண்டியைக் கீழே இறக்கி, பாரம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி இறங்கியவுடனே ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும்.

நான்காவது, அப்சோர்பர். ஸ்பிரிங் இறங்கத் தயாராக இருந்தும், அப்சோர்பர் குட்டையாக இருந்து அச்சைப் பிடித்து நிறுத்திவிடும் வண்டிகள் உண்டு. நீளமானதைப் போடலாம். ஆனால் வண்டி அமுங்கும்போது அது அடிமுட்டக்கூடாது. ரப்பர் முட்டுக்கட்டை அதற்கு முன்பே தடுக்க வேண்டும். அச்சுக்குப் போகும் பிரேக் குழாயும் முழுத் தொங்கலில் இழுபடாத நீளம் இருக்க வேண்டும்.

கடைசியாக, யூ போல்ட்டுகள். கழற்றிய பழையவற்றை மீண்டும் போடாமல் புதியவற்றையே போடுங்கள். குறுக்கு வரிசையில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சரிபாருங்கள்.

நீளமும் மெல்லிய பட்டையும்

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் புதிய ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது கனமான சில பட்டைகளைவிட, மெல்லிய பல பட்டைகள் உள்ளதே நன்றாக வளையும். நீளமும் பெரிய உதவி. பத்தில் ஒரு பங்கு நீளம் கூடினால், விறைப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2015இல் வந்த ஹைலக்ஸ் வண்டிக்கு டொயோட்டா நிறுவனம் பின் ஸ்பிரிங்கை 100 மில்லிமீட்டர் நீளமாக்கியது. ஆனால் வண்டிக்கு வண்டி நீளத்தை மாற்றுவது சேசிஸில் கை வைக்கும் வேலை. வீட்டில் செய்யக்கூடியதல்ல.

சிலர் நீளமான ஷாக்கிள் மட்டும் போட்டு வண்டியை உயர்த்துவார்கள். 50 மில்லிமீட்டர் நீளமான ஷாக்கிள் வண்டியைச் சுமார் 25 மில்லிமீட்டர்தான் உயர்த்தும். பதிலுக்கு அச்சின் கோணம் மாறி, சுழல் தண்டில் அதிர்வு வரலாம். வண்டி பக்கவாட்டில் ஆடும்.

சுமையா, சொகுசா?

இதுதான் நாம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பட்டை ஒன்றை உருவினால் வளைவு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டை சும்மா இருக்கவில்லை. 25 கிலோ எடையுள்ள 40 குலைகளை ஏற்றினால் ஒரு டன். அந்தச் சுமையில் பலவீனமான வில் தலைகீழாக வளையும். வேகத்தை அழுத்தும்போது அச்சு முறுக்கித் துள்ளும். குலையும் உரமும் ஏற்றிப் பிழைக்கும் வண்டியில் பட்டையை உருவவே கூடாது. அதே போல, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை சேர்ப்பதும் தவறு. வெறும் வண்டி குதிக்கும். சேசிஸும் பிரேக்கும் டயரும் பழைய அளவிலேயே இருக்கும். காண்டாவில் பால் வாளி சுமந்தவர்களுக்கு இது தெரியும். கம்பு அளவோடு வளைந்தால் தோளுக்குச் சுகம். வளையாத கம்பு தோளைப் பிய்க்கும். மெலிந்த கம்பு வழியில் ஒடியும்.

பிரேக்கை மறக்க வேண்டாம்

பல பிக்கப்புகளில் பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி செல்லும். சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு அது இணைந்திருக்கும். வண்டியின் பின்பகுதியை உயர்த்திவிட்டால், 'வண்டி காலி' என்று அந்த வால்வு ஏமாந்துவிடும். முழுச் சுமையோடு இறக்கத்தில் வரும்போதும் பின் பிரேக் பாதியாகத்தான் பிடிக்கும். ஸ்பிரிங்கில் கை வைத்த எவரும் இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. நீங்களும் கேட்காமல் வாங்கக்கூடாது.

வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜேக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சேசிஸுக்கு அடியில் உறுதியான தாங்கி வையுங்கள். முன் சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். பட்டையைத் தீயில் காய்ச்சி வளைப்பதும், அதில் வெல்டிங் வைப்பதும், புதிதாகத் துளை போடுவதும் அதன் பதத்தைக் கெடுக்கும். வண்டியின் உயரத்தையோ ஸ்பிரிங் அமைப்பையோ மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டு, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத மாற்றம், விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணத்துக்கும் வில்லங்கமாகலாம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மகனோ கணவரோ "ஸ்பிரிங் மாற்றப் பணம் வேண்டும்" என்று கேட்டால், "கழுவிப் பிரித்துப் பார்த்தீர்களா? அளந்து எழுதினீர்களா? பிரேக் கம்பியை யார் சரிசெய்வார்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். "கணக்குப் படித்து என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், நான்கு அடிக்கோல்களை அவன் கையில் கொடுத்து, இரண்டு ஏன் எட்டானது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.