ஓஸ்லோவில் ஒரு வீடு

'ஓஸ்லோ, ஆகஸ்ட் 31' (2011) படத்தின் கடைசிப் பகுதி. போதையிலிருந்து மீளப் போராடும் ஆண்டர்ஸ், விற்கப்படவிருக்கும் பெற்றோரின் வீட்டுக்குள் நுழைகிறான். பியானோ முன் உட்கார்ந்து சிறிது வாசிக்கிறான், பாதியில் எழுந்துவிடுகிறான். வீட்டில் ஒருவரும் இல்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து நார்வே இயக்குநர் யோவாகிம் ட்ரியர் அதே வீட்டுக்குக் கேமராவோடு திரும்பினார். 'சென்டிமென்டல் வேல்யூ' (2025) அந்த வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. வீட்டுக்கும் வயிறு உண்டு, வலி உண்டு என்பதுபோல ஒரு சிறுமி பள்ளிக் கட்டுரை எழுதுகிறாள். சுவரில் ஒரு விரிசல் ஓடுகிறது. இம்முறை வாசலில் வந்து நிற்பவன் மகன் அல்ல. மகள்களை விட்டுப்போன தந்தை.

ட்ரியர் இளமையில் ஸ்கேட்போர்டு வீரர். நண்பர்கள் பாய்வதைப் படம்பிடித்துத்தான் கேமரா பழகினார். அந்த வேகம் முதல் படமான 'ரிப்ரைஸ்' (2006) முழுக்க இருந்தது. இரண்டு இளைஞர்கள் தங்கள் நாவல்களைத் தபால்பெட்டியில் போடுவதற்குள், அவர்கள் வாழ்க்கை எப்படியெல்லாம் போகக்கூடும் என்று படம் முன்னால் ஓடிப் பார்த்துவிடும். அதில் ஓர் எழுத்தாளனாக வந்த ஆண்டர்ஸ் டேனியல்சன் லீ, நிஜத்தில் மருத்துவரும்கூட. 2021இல் 'த வொர்ஸ்ட் பெர்சன் இன் த வேர்ல்ட்' படத்தில் அதே முகம் புற்றுநோயாளியாக வருகிறது. மருத்துவமனையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இல்லாத டிரம்ஸைக் கைகளால் அடித்துக்கொண்டிருக்கிறான். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2006இன் அந்தப் பையன் நினைவுக்கு வந்துவிடுகிறான். ஒரே நடிகரை உடன் வைத்துக்கொண்டு மூப்படைவது சில இயக்குநர்களுக்கே வாய்க்கும்.

நடிகை ரெனாட்டே ரெய்ன்ஸ்வேயின் கதை வேறு. 2011 படத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வசனம். பிறகு நல்ல வேடங்கள் வராமல், நடிப்பை விட்டுத் தச்சு வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்திருந்த சமயத்தில் ட்ரியரின் அழைப்பு வந்தது. அப்படி வந்த 'த வொர்ஸ்ட் பெர்சன் இன் த வேர்ல்ட்' படத்துக்குத்தான் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது.

நடுவில் ட்ரியர் நியூயார்க் போய் ஆங்கிலத்திலும் ஒரு படம் எடுத்தார். நல்ல படம்தான், ஆனால் தெருவின் பெயர் தெரிந்து நடக்கிற நடை அதில் இல்லை.

ட்ரியரின் தாய்வழித் தாத்தா எரிக் லோகனும் இயக்குநர். அவருடைய 'யாக்டன்' 1960இல் கான் போட்டியில் இருந்தது. பேரனின் 'சென்டிமென்டல் வேல்யூ' 2025இல் அங்கே கிராண்ட் பிரீ பெற்றது. ஆனால் பேரன் படத்துக்குள் கொண்டுவந்தது தாத்தாவின் சினிமாவை மட்டுமல்ல, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பிடிபட்ட அவருடைய காலத்தையும்தான். முன்பெல்லாம் ட்ரியரின் நாயகர்கள் தங்கள் பிறப்புக்கு முன்னால் நடந்ததைப் பெரும்பாலும் கேட்டதில்லை. இப்போது இளைய மகள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, சித்திரவதைக்கு ஆளான பாட்டியின் கோப்பைத் திறந்து, ஒரு சொல் பேசாமல் படிக்கிறாள்.