பரணில் ஏற்றுவதற்கு முன் கார்டைப் பாருங்கள்

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவருக்குக் காலை எட்டு மணிக்கு மேல்தான் இரவு. ஜன்னலில் போர்வையைக் கட்டி, முகத்தில் மாஸ்க்கை மாட்டி, தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைக்காமல் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷினைப் போட்டுப் படுத்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்திருப்பார். மெஷினின் கணக்கோ வேறு. ரெஸ்மெட் போன்ற நிறுவனங்களின் மெஷின்கள், நண்பகல் 12 முதல் மறுநாள் நண்பகல் 12 வரையிலானதை ஒரு நாள் என்று எடுத்துக்கொள்கின்றன. அவருடைய ஒரே தூக்கத்தில் நான்கு மணி நேரம் ஒரு தேதியிலும் மீதி இரண்டு மணி நேரம் அடுத்த தேதியிலும் பதிவாகும். ஷிப்ட் மாறும் வாரத்தில், மனிதர் ஒழுங்காக மாட்டுவதே இல்லை என்றுகூடத் தோன்றும். டாக்டரிடம் ஷிப்ட் விவரத்தைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால், அவர் யாரோ ஒருவருடைய தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்வதுதான் சிபாப் தேவைப்படும் இந்த நோய், ஸ்லீப் ஆப்னியா. பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்கும்; ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்; மூளை பதறி எழுப்பிவிடும். மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை ஏஹெச்ஐ என்ற எண்ணால் சொல்வார்கள். ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை, முப்பதைத் தொட்டால் தீவிரம். இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023-ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். வீட்டில் அதற்குப் பெயர் வெறும் குறட்டை.

மருந்து, காற்றின் அழுத்தம். சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் ஐந்து நோயாளிகளுக்கு மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தி, அடைப்பு விலகுவதை 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். எவ்வளவு அழுத்தம் யாருக்கு என்பது அன்று முதல் இன்றுவரை கேள்விதான். அதைக் கண்டுபிடிக்கத் தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு படுக்க வேண்டும். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் மதுரைக்குப் போக எழுபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டும். அதனால் பலர் ஆட்டோ மெஷினை வாங்கிவிடுகிறார்கள். அழுத்தம் 4-லிருந்து 20 வரை என்று திறந்துவிட்ட செட்டிங்கிலேயே அது வீட்டுக்கு வந்து சேர்கிறது. "தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும் சார்" என்பார்கள் விற்பவர்கள். சில மாதங்களில் மெஷின் பரணில் ஏறிவிடும்.

ஏன் ஏறுகிறது என்பதைப் பல மெஷின்களின் மெமரி கார்டே சொல்லிவிடும். ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் ஓர் இரவு முழுதும் திரையில் விரியும். ஆஸ்திரேலியாவின் மார்க் வாட்கின்ஸ் எழுதிய ஸ்லீப்பிஹெட் மென்பொருளிலிருந்து 2019-ல் தன்னார்வலர்கள் உருவாக்கியது அது. போன் ஆப் நூற்றுக்கு இத்தனை மார்க் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். கார்டில் ஒவ்வொரு மூச்சும் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது அழுத்தத்தை அல்ல, கசிவை. ரெஸ்மெட் மெஷினில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் காற்று கசிந்தால் மற்ற எண்களை நம்ப முடியாது. தடித்த மீசை, படுக்கும் முன் பூசிய தேங்காயெண்ணெய், வாய் திறந்து தூங்கும் பழக்கம் எல்லாமே இதற்குக் காரணமாகலாம். கசிவு வரைபடம் மலைமலையாக எழும்பியிருக்கும்போது அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் கசியும், அவ்வளவே. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பைத் தினமும் கழுவுவதும், முகத்துக்குப் பொருந்தும் அளவை வாங்குவதும் செட்டிங்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை.

கசிவு அடங்கிய பிறகு அழுத்தக் கோட்டைப் பார்க்கலாம். அதிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை அடைப்புக் கோடுகள் கொத்தாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கனவுத் தூக்கம் மிகுந்த நேரம் அது, தசைகள் முழுக்கத் தளர்ந்திருக்கும். அழுத்தக் கோடு 4-இல் கிடக்கிறது. அடைப்பு வந்தபின் மெல்ல ஏறி 11-ஐத் தொடுகிறது. அதற்குள் பத்துப் பதினைந்து முறை மூச்சு நின்றுவிட்டது. இங்கே உச்சவரம்பான 20-இல் பிரச்சினை இல்லை, கீழ்வரம்பான 4-இல்தான். டாக்டர் அதை 7 அல்லது 8-க்கு உயர்த்தச் சொல்லலாம். படுத்தவுடன் "காத்தே பத்தலை" என்று மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுகிறவர்களில் பலருக்கும் இந்தக் கீழ்வரம்புதான் எதிரி.

மூச்சு நிற்பது எல்லாமே அடைப்பல்ல என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதை திறந்தே இருக்க, மூச்சு விடும்படி மூளை கட்டளையிடாமல் நிறுத்தும் வகையும் உண்டு. மெஷின் சிறு காற்றதிர்வை அனுப்பிச் சோதித்து அதைத் தனி நிறத்தில் குறித்து வைக்கும். அந்தக் கோடுகள் பெருகினால் அழுத்தத்தைக் கூட்டுவது நிலைமையைக் கெடுக்கக்கூடும். இதய பலவீனமோ பக்கவாதமோ உள்ளவர்கள் வீட்டில் எதையும் மாற்றவே கூடாது. மற்றவர்களும் டாக்டரின் ஒப்புதலோடு, ஒரு நேரத்தில் ஒரே எண்ணை, ஒரு புள்ளிக்கு மேல் போகாமல் மாற்றி, ஒரு வாரமாவது பார்க்க வேண்டும். ஒரு ராத்திரியை வைத்து முடிவெடுப்பது தவறு. புரையேறினால்கூட அந்த இரவின் எண்கள் மாறும். நீங்கள் விழித்துப் புரள்வதையும் தூக்கத்தையும் மெஷினால் பிரித்தறிய முடியாது, ஆக்சிஜன் அளவையும் பெரும்பாலான மெஷின்கள் பார்ப்பதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கவனிக்க: உள்ளிருக்கும் ஒலி தடுப்பு நுரை சிதையும் அபாயத்தால் 2021 ஜூனில் பிலிப்ஸ் தன் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. சீரியல் நம்பரைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இத்தனையையும் மில் தொழிலாளி தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாதம் ஒரு நாள், நுரையீரல் பிரிவில் ஒரு கம்ப்யூட்டரும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் கார்டோடு போய்ப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வரலாம். புதுக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.