கணக்குக் கேட்கும் உரிமை

கல்வி உரிமைச் சட்டம் என்று சுருக்கமாக வழங்கப்படும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கல்வியை உறுதிசெய்ததோடு நில்லாமல், பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்கும் அதிகாரத்தையும் பெற்றோருக்கு அளித்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள இச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர் என வகுக்கப்பட்டது.

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் குழுவின் கடமைகள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிமுறையின்படி 100 பேருக்கு மேல் 250 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு உரியது. கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராததைக் காணும் தாய், அந்த 5,000 ரூபாய் எதற்குச் செலவானது என்று தலைமை ஆசிரியரிடம் ரசீதைக் கேட்டுப் பார்ப்பது சட்டம் அவருக்குத் தந்த வேலையே அன்றி, அத்துமீறல் ஆகாது. குறை தீராவிடில் 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். அதிலும் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான ஒரு கல்விச் சட்டம், பள்ளியின் தேர்ச்சி நிலையைப் பெற்றோருக்கு ஆண்டறிக்கையாகத் தந்து, பின்தங்கிய பள்ளியிலிருந்து குழந்தையை மாற்றிக்கொள்ளவும் வழிசெய்தது. இந்தியச் சட்டமோ பெற்றோரைப் பள்ளியின் நிர்வாகத்துக்குள்ளேயே அமர்த்துகிறது. இதுவே மேலான ஏற்பாடு, ஆனால் பெற்றோர் வந்து அமர முடிந்தால் மட்டுமே.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த இடர்ப்பாடு கண்கூடு. கூடலூர், கம்பம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியும் முன்பே ஜீப் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறார்கள். வேலை நாளின் பிற்பகலில் கூடும் கூட்டத்துக்கு வர அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்; வராதவர் வீட்டுக்குத் தீர்மானப் பதிவேடு கையெழுத்துக்காக மட்டும் போகுமானால், சட்டம் தந்த பெரும்பான்மை ஏட்டளவில் நின்றுவிடும். கூட்டம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே பள்ளத்தாக்கின் பள்ளிகள் மாலை 6 மணிக்குப் பின்னரோ விடுமுறை நாளிலோ குழுவைக் கூட்டி, வரவு செலவை எளிய தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பெற்றோரும் பதிவேட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்.