அமாவாசைக்கு ராமேஸ்வரம் போறீங்களா? கடல் முள்ளெலியின் கல்யாணக் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

தேனி, போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். தீர்த்தமாடிய கையோடு பாம்பன், தனுஷ்கோடி என்று கடற்கரையையும் ஒரு சுற்று பார்ப்போம். அப்போது பாறை இடுக்கில் உடம்பெல்லாம் முள்ளாக, பந்து மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தால், அதுதான் கடல் முள்ளெலி. 'சீ அர்ச்சின்' என்றும் சொல்வார்கள்.

பெயரில்தான் எலி. உண்மையில் இது நட்சத்திர மீனுக்குப் பங்காளி. முட்தோலிகள் எனப்படும் இந்தக் கூட்டத்தில் ஓர் இனம்கூட நன்னீரில் வாழாது. அதனால் வைகை அணையிலும் சுருளியாற்றிலும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது!

ஆணா, பெண்ணா?

வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். ஓட்டுக்குள் ஆரஞ்சுச் சுளை போல ஐந்து இனப்பெருக்க உறுப்புகள் இருக்கும். ஜப்பானில் 'யூனி' என்று விலை கொடுத்துச் சாப்பிடுவது இதைத்தான். பலர் அதை முட்டை என்று நினைக்கிறார்கள். ஆணின் சுளையும் அதில் உண்டு.

இவை ஒன்றோடொன்று கூடுவதில்லை. பருவம் வந்ததும் உச்சந்தலையில் உள்ள துளைகள் வழியாக ஆண் பால் போல விந்தணுக்களை விடும். பெண் லட்சக்கணக்கில் முட்டைகளை விடும். சந்திப்பு கடல் தண்ணீரில்தான். அலையில் விந்தணு சீக்கிரமே கரைந்து போய்விடும். ஆணும் பெண்ணும் சில மீட்டர் தள்ளியிருந்தாலே கருவுறும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். ஆக, பக்கத்தில் துணை வேண்டும். நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

நேரத்தை எப்படிக் கணிக்கின்றன? கடல்நீரின் சூடு, கிடைக்கும் தீனி, சில இனங்களுக்கு நிலா. சூயஸ் கடலில் நீள முள் கொண்ட ஓர் இனம் பௌர்ணமியை ஒட்டி முட்டையிடுவதை மன்ரோ ஃபாக்ஸ் என்ற விஞ்ஞானி 1924-ல் பதிவு செய்தார்.

ஒரு விந்தணு உள்ளே போனதும், சுமார் ஒரு நிமிடத்துக்குள் முட்டையைச் சுற்றி ஓர் உறை எழும்பிவிடும். அடுத்தது நுழைய முடியாது. பிறக்கும் குஞ்சு, முள் பந்து மாதிரி இருக்காது. கண்ணாடி போன்ற உடம்போடு சில வாரங்கள் மிதந்து திரிந்து, பிறகுதான் தரையில் இறங்கி உருமாறும். நம்மூர் இனம் ஒன்றின் இந்த வளர்ச்சியை, சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தின் கோபால ஐயர் 1935-லேயே படிப்படியாக விவரித்து எழுதிவிட்டார். சென்னைத் துறைமுகத்துப் பாறைகளில் வாழும் இன்னோர் இனத்தின் இனப்பெருக்கம் பற்றிய ஆய்வு 1964-ல் வெளியானது.

ஒன்று போனால் என்ன?

கரீபியன் கடலில் 1983-84-ல் பரவிய நோயில் ஒரு கடல் முள்ளெலி இனம் 90 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தது. பாசியை மேய ஆளில்லாமல் பவளப்பாறைகளைப் பாசி மூடியது. பிழைத்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. முட்டை விட்டும் பெரும்பாலும் வீண்தான். பல இடங்களில் பத்து, இருபது வருடங்கள் ஆகியும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

அதனால் அழகாக இருக்கிறதே என்று உயிரோடு எடுத்து வராதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால், பழையபடி வைத்துவிடுங்கள். நீங்கள் எடுக்கும் ஒன்று, பக்கத்தில் இருப்பதற்கு ஒரே துணையாக இருக்கலாம்.

முள் குத்திவிட்டால்?

பாறைப் பக்கம் செருப்பில்லாமல் இறங்க வேண்டாம். குத்திவிட்டால் வெளியே தெரியும் முள்ளை இடுக்கியால் மெதுவாக எடுங்கள். முள் சுலபமாக ஒடியும், நசுக்கக் கூடாது. பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும். ஆழமாகவோ மூட்டிலோ குத்தியிருந்தால், ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே டாக்டரைப் பாருங்கள்.