முந்திரித் தோப்பில் பிரேக் ஃபெயிலியர்!

விருத்தாசலம் என்றால் பழமலைநாதர் கோயில். அதை விட்டால் பீங்கான். பொம்மை மட்டுமா? கரண்ட் பில் கட்டாவிட்டால் லைன்மேன் வந்து பிடுங்குவாரே, அந்த ஃப்யூஸ் கேரியருக்கும் பேர் வாங்கிய ஊர். பிடுங்கினால் கம்பியில் இடைவெளி விழும், வீடு இருட்டு!

பூச்சியின் நரம்பிலும் ஓடுவது மின்சாரம்தான். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே அங்கேயும் ஓர் இடைவெளி உண்டு. ஆனால் சேதி நிற்காது. முதல் செல் துளியூண்டு ரசாயனத்தைக் கக்கும். எதிர் செல்லில் கதவு திறக்கும். 'கிளம்பு' என்று சொல்ல அசிட்டைல்கோலின். 'போதும்ப்பா, நில்லு' என்று சொல்ல காபா. ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் மாதிரி!

முந்திரி ரகங்களை வெளியிட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். முந்திரிக்கு எமன், தேயிலைக் கொசு. பேர்தான் கொசு, ஜாதியில் மூட்டைப்பூச்சிக்குச் சொந்தம். தளிரிலும் பூங்கொத்திலும் ஊசியைச் செருகி உறிஞ்சும், பூவெல்லாம் கருகும். இதற்கு ஒரு காலத்தில் அடித்த மருந்து எண்டோசல்ஃபான். அது காபாவின் கதவை அடைத்துவிடும். பிரேக் போன லாரியாக நரம்பு தறிகெட்டு ஓட, பூச்சி வெடவெடவென்று உதறிச் சாகும்.

தொலையட்டும் என்று விட முடியவில்லை. அதே காபா பிரேக்தான் நம் மூளையிலும்! கேரளாவில், காசர்கோடு முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் இதைத் தெளித்தார்கள். கீழே இருப்பது பூச்சியா, கிணறா, குழந்தையா என்று மருந்துக்குத் தெரியுமா? 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது. 2017-ல், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி கேரள அரசுக்கு உத்தரவு.

பிற்பாடு வந்த இமிடாகுளோப்ரிட், அசிட்டைல்கோலின் பூட்டுக்கான கள்ளச்சாவி. மனுஷப் பூட்டைவிடப் பூச்சிப் பூட்டில் கெட்டியாக மாட்டிக்கொள்ளும். நமக்கு ஆபத்து குறைவு (அறவே இல்லை என்று அர்த்தமில்லை!). சரி, தேனீயும் பூச்சிதானே? முந்திரிப் பூவில் மகரந்தம் சேர்க்க அதுவும் ஈயும் எறும்பும் வந்தாக வேண்டும். பூத்துக் குலுங்கும்போது மருந்தடித்தால் கொட்டை எங்கிருந்து வரும்?

காசு கேட்காமல் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்கிற ஆளும் உண்டு. இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பு. இவர்களுக்குள்ளும் ரசாயனத்தில்தான் பேச்சுவார்த்தை! ஒரே சங்கடம், பழம் பறிக்க ஏறுகிறவரையும் விட்டுவைக்காது. மரத்திலிருந்து குதித்து, வேட்டியை உதறிக்கொண்டு அவர் ஆடுகிற ஆட்டத்தை மட்டும் அவருடைய சொந்த அசிட்டைல்கோலின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்!