நடுவரின் சட்டைப் பையில் இருந்த நீதி



ராகலையின் மூடுபனியை அறியாதவர் நம்மில் யார்? நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைத் தாண்டி வரும் பஸ், சில நாட்களில் பிற்பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். அந்தப் பனிக்குள்ளும் நம் பிள்ளைகள் பந்து உதைப்பதை நிறுத்துவதில்லை. அஸருக்குப் பின் போனவர்கள், மஃரிபுக்குச் சற்று முன்னர் சேறும் சகதியுமாய் வாசலில் வந்து நிற்பார்கள். தோற்று வந்த நாளென்றால் முதல் வார்த்தை, "உம்மா, ரெபரி கள்ளம் செய்துவிட்டார்!" என்பதுதான்.

வென்ற நாளில் ரெபரியைப் பற்றி ஒரு பேச்சும் இராது. நடுவரின் தலைவிதி அதுதான். சரியாகச் செய்தால் யாரும் நினைப்பதில்லை. ஒரு தவறு செய்தால் உலகமே மறப்பதில்லை. இந்த விதியை ஏற்றுக்கொண்டு, உதைபந்தாட்டத்தில் நியாயம் நிலைக்க வழி செய்த ஒரு பாடசாலை ஆசிரியரின் கதையை இம்மாதம் பார்ப்போம்.

அவர் பெயர் கென் ஆஸ்டன். 1915ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் பிறந்தவர். ஆசிரியத் தொழிலில் சேர்ந்த இளம் வயதில், மாணவர்களின் போட்டிகளுக்கு விசில் ஊதத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய இந்தியப் படையில் சேவை செய்தார். யுத்தம் முடிந்ததும், சிங்கப்பூரின் சாங்கியில் நடந்த யுத்தக் குற்ற விசாரணைகளிலும் பங்கேற்றார். ஊர் திரும்பியபின் மீண்டும் பாடசாலை, மீண்டும் மைதானம். பின்னர் அதிபராகவும் உயர்ந்தார்.

லண்டனிலும் நம் ஊரைப் போலவே பனி மூடும். எல்லைக் கோட்டு நடுவர்களின் கொடிகள் அந்தப் பனியில் கண்ணுக்குத் தெரியாமல் போவதைக் கண்ட ஆஸ்டன், பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களில் கொடிகளைக் கொடுத்தார். அது 1940களின் பிற்பகுதி. பனியைக் குறை கூறிக்கொண்டு நிற்காமல், பனியிலும் தெரியக்கூடிய ஒன்றைத் தேடியவர் அவர்.

அவருக்குப் பெரும் சோதனை 1962இல் வந்தது. சிலி நாட்டில் உலகக் கிண்ணப் போட்டி. ஜூன் 2ஆம் திகதி, தலைநகர் சந்தியாகோவில் சிலியும் இத்தாலியும் மோதின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடிதடி! இத்தாலி வீரர் ஃபெரினியை ஆஸ்டன் வெளியேறச் சொன்னார், அவரோ அசையவில்லை. பொலிஸார் வந்துதான் அவரை வெளியே கொண்டு போனார்கள். இன்னோர் இத்தாலி வீரரும் வெளியேற்றப்பட்டார். ஆனால் முட்டியால் குத்திய சிலி வீரர் லியோனல் சான்செஸ் கடைசிவரை மைதானத்திலேயே இருந்தார். அந்தக் குறை ஆஸ்டனின் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மில் பலர் இப்படியான ஓர் அவமானத்துக்குப் பின் மூலையில் முடங்கிவிடுவோம். ஆஸ்டன் முடங்கவில்லை. அடுத்த உலகக் கிண்ணத்தில் நடுவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பை ஏற்றார். 1966 ஜூலை 23ஆம் திகதி, லண்டன் வெம்ப்லியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் ஆடின. ஜேர்மனிய நடுவர், ஆர்ஜென்டீனாவின் தலைவர் ரத்தினை வெளியேறச் சொன்னார். இவர் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி இவருக்குத் தெரியாது. ரத்தின் போக மறுத்தார். ஆஸ்டனே மைதானத்துக்குள் இறங்கிச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அதே ஆட்டத்தில் எச்சரிக்கப்பட்ட இங்கிலாந்து வீரருக்கும் தாம் எச்சரிக்கப்பட்டது விளங்கவில்லை!

வெம்ப்லியிலிருந்து காரில் திரும்பும் வழியில், வீதிச் சமிக்ஞை விளக்கு ஆஸ்டனை நிறுத்தியது. மஞ்சள் என்றால், கவனம். சிவப்பு என்றால், நில். இதை விளங்கிக்கொள்ள எந்த மொழியும் தேவையில்லையே!

வீட்டுக்கு வந்து இந்த எண்ணத்தை மனைவி ஹில்டாவிடம் சொன்னார். அந்த அம்மையார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் வெட்டிய இரண்டு நிறக் காகித அட்டைகள் அவர் கையில் இருந்தன. சகோதரிகளே, இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் பார்க்கும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் முதலில் ஒரு பெண்ணின் கையில் பிறந்தவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1970இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சுற்றுப்போட்டி முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை. உலகக் கிண்ணத்தின் முதலாவது சிவப்பு அட்டையை 1974 ஜூன் 14ஆம் திகதி காட்டியவர், துருக்கி நாட்டு நடுவர் டோகன் பாபாஜான்.

அதே 1974இல் நமக்குப் பெருமை தரும் இன்னொன்றும் நடந்தது. அவ்வாண்டு ஆடிய 16 அணிகளில் ஆசியக் கண்டத்து அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஜூன் 19ஆம் திகதி மியூனிக் நகரில் போலந்தும் ஹெயிட்டியும் ஆடியபோது, நடுவில் விசிலோடு நின்றவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா என்ற தமிழர்! போலந்து 7 கோல்கள் போட்ட ஆட்டம் அது. 1929இல் பிறந்து 2012இல் மறைந்த அவர் வகுத்த பாதையில், அதே சிங்கப்பூரின் முஸ்லிம் நடுவரான ஷம்சுல் மைதீன் 2006 உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களுக்கு நடுவராக நின்றார்.

1998 இறுதிப் போட்டியின் விசில் மொரோக்கோவைச் சேர்ந்த சயீத் பெல்கோலாவின் கையில் இருந்தது. உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்கு நடுவரான முதல் ஆபிரிக்கர் அவர். பிரான்ஸ் நாட்டில், பிரான்ஸ் ரசிகர்கள் நிறைந்த மைதானத்தில், பிரான்ஸ் வீரர் டெசாய்லிக்கே சிவப்பு அட்டை காட்டினார். கூட்டத்துக்கு அஞ்சவில்லை. நான்கே ஆண்டுகளில், 2002 ஜூனில், நோயுற்று 45 வயதில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில், பலஸ்தீனச் சகோதரி ஹிபா சஅதிய்யா ஹிஜாபுடன் உதவி நடுவராகக் கொடி பிடித்தார். ஆஸ்டன் 2001இலேயே மறைந்துவிட்டார். பனியிலும் தெரிய வேண்டும் என்று அவர் நிறம் கொடுத்த கொடி, எங்கெங்கோ கைமாறி வந்துகொண்டிருக்கிறது!

இனி நம் வீட்டு மைதானத்துக்கு வருவோம். அங்கே விசில் நம் கையில் அல்லவா இருக்கிறது? கோழிக் கறியில் நல்ல துண்டு மகனுக்கு. விளையாடிவிட்டு வந்த நானாவின் சேற்று உடுப்பைக் கழுவுவது தங்கச்சி. மகன் கோப்பையை உடைத்தால் "போகட்டும், ஆம்பிளைப் பிள்ளை" என்போம்; மஞ்சள் அட்டைகூட இல்லை. மகள் உடைத்தாலோ, எடுத்த எடுப்பில் சிவப்பு!

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் சிறு வயதுச் சம்பவம் நாம் அறிந்ததே. தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்தார். தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்கள், இதற்கு நபி (ஸல்) அவர்கள் சாட்சியாக இருக்கவேண்டும் என்றார்கள். தந்தை போய்ச் சொன்னபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி பணித்தார்கள். அன்பளிப்பு திரும்பப் பெறப்பட்டது. அன்பளிப்புக் கிடைத்தது தம் சொந்த மகனுக்குத்தான். அப்படியிருந்தும் சாட்சி வேண்டும் என்று நின்றவர் ஒரு தாய் என்பதை மறந்துவிடலாகாது.

நடுவரும் மனிதர்தான், தவறுவார். சந்தியாகோவில் தவறிய ஆஸ்டன், அந்தத் தவறோடு நின்றுவிடாமல் மற்றவர்கள் தவறாதிருக்க வழி தேடினார். நேற்றுவரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், இன்று நிமிர்ந்துகொள்ள நமக்கும் வழியுண்டு.

அடுத்த முறை சேற்றுக் காலோடு வந்து, "ரெபரி கள்ளம் செய்துவிட்டார்" என்று மகன் சொன்னால், தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு மெல்லக் கேளுங்கள்: "நீங்கள் வென்றிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாயா, மகன்?" அவன் பதில் சொல்ல யோசிக்கும்போது, தங்கச்சிக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுங்கள். உடுப்பை அவனே கழுவட்டும்.